ஐந்து மூலைப் பலகை

தடைக்காலம் அறுபத்தொரு நாள்.
ஐஸ் கம்பெனியில் ஐஸ் இல்லை,
அதனால் எனக்குக் கணக்கும் இல்லை.
சீனி அசன் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கில்
பதினோரு படம் இருந்தது.
பதினொன்றும் பேஸ்பால்.
அறையில் கூடப் படுத்திருந்த
பிலிப்பைன்ஸ் சமையல்காரன் ஏற்றிக் கொடுத்தானாம்;
வேறு படம் கேட்டால்
முதலில் இதைப் பார் என்பானாம்.

வெள்ளையடித்த சுவரில் ஓட்டினோம்.
பேச்சு புரியவில்லை,
ஆட்டம் அதைவிடப் புரியவில்லை.
அடித்தவன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறான்.
"கிறுக்குப்பய, மட்டை இல்லாம எங்கடா போற?"
நம்புசேகர் சுவரைப் பார்த்துக் கத்தினான்.

மூன்றாம் நாள் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.
மழைப் படம், பஸ் படம், பல்வலிப் படம்.
குந்தியிருந்து பந்து பிடிப்பவன் கூண்டுமூஞ்சி.
அவன் முன்னால் மண்ணில் பதித்த வெள்ளைத் துண்டு
ஐந்து மூலைப் பலகை.

கில்டாவுக்கு மழைப் படம்.
ஆட்டத்தை நிறுத்திவிட்டு
மைதானம் முழுக்கத் தார்ப்பாய் விரிக்கிறார்கள்,
இருபது பேர், ஒரே ஓட்டமாக.
"நம்ம கருவாட்டுக்கு ஒருத்தன் வருவானா இப்படி?"
அதை மட்டும் நாலு தடவை போடச் சொன்னாள்.
நம்புசேகருக்கு பஸ் படம்.
காரணம் கேட்டால் அடிக்க வருவான்.
கடைசி ஆட்டமும் தோற்று
எல்லோரும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போவார்கள்,
டிரைவர் மட்டும் விழித்திருப்பான்.
அந்த இடத்தில் நம்புசேகரின் பீடி அணைந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது
அந்த ஆட்டத்துக்கு மணி கிடையாது என்பது.
முடிகிறபோது முடியும்.
தேதி கிழித்துக் கிழித்து உட்கார்ந்திருந்தவளுக்கு
அது எவ்வளவு பெரிய
சொல்லத் தெரியவில்லை.

ரைமண்ட் கடைசியில், காலி ஐஸ்பெட்டி மேல்.
அவன் படகு அந்தக் கரையில்
ஏதோ ஒரு துறைமுகத்தில் மக்கிக்கொண்டிருக்கிறது;
ஆளை மட்டும் ஏழு மாதம் கழித்து அனுப்பினார்கள்.
பதினொன்றும் பார்த்து முடித்த இரவு அவன்தான் சொன்னான்:
"பந்து எங்க போனா என்ன?
புறப்பட்ட பலகைக்கே திரும்பி வரணும்.
வந்தாத்தான் ஒண்ணு.
முக்கால்வாசி வந்ததுக்கு ஒண்ணும் கிடையாது."
கில்டா ரிமோட்டைத் தேடினாள்.
சுவரில், புழுதிக்குள் ஒருவன் வயிற்றால் சறுக்கி
பலகையைத் தொட்டான்.
கறுப்புச் சட்டை அம்பயர் குனிந்து பார்த்து
இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார்,
பாயை உதறிப் போடுவதுபோல.

தடை முடிந்து மண்டபத்திலிருந்து
நாற்பத்திரண்டு விசைப்படகு போனது.
மறுநாள் விடியலில், கச்சான் சேலையை இழுக்க,
நண்டு பிரிக்க வந்தவர்கள் ஜெட்டி முனையில் நின்றோம்.
முதல் படகின் அணியம் தெரிந்ததும்
கில்டா, சிரிக்காமல், கைகளை விரித்தாள்.
அடுத்ததற்கு இரண்டு பேர்.
ஏழாவதற்கு எல்லோரும்.
படகிலிருந்த பையன்களும் பதிலுக்கு விரித்தார்கள்.
நான் நோட்டில் ஐஸ் கணக்குக்குப் பக்கத்தில்
ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன்.

நாற்பத்தொன்று.

வெயில் ஏறியது. ஏலம் முடிந்தது.
நம்புசேகரைத் தேடி
இறக்கிய மீனோடு ஈரம் காயாமல்
சகாயத்தின் படகு திரும்பப் போனது.
பதினொன்றரைக்கு வந்தார்கள்,
முன்னால் சகாயம், நடுவில் கயிறு,
பின்னால் எஞ்சின் செத்த படகு.

"இழுத்துட்டு வந்தா கணக்குல சேராது," என்றான் சீனி அசன்.
"எந்தப் படத்துல பாத்த?" என்றாள் கில்டா.
பல்வலிப் படத்தில் ஒருத்தனைத்
தோளில் தாங்கி வந்தார்களே என்றாள் ஒருத்தி.
இல்லை, அவன் நொண்டி நொண்டித் தானேதான் வந்தான்
என்றாள் இன்னொருத்தி.
நம்புசேகர் கரையேறி, கிரீஸ் கையோடு,
நோட்டைக் காட்டு என்றான்.

ரைமண்டைப் பார்த்தேன்.
அவன் ஐஸ் உடைப்பதை நிறுத்தவில்லை.

கோடு போட்டேன்,
கொஞ்சம் சாய்வாக.