முள்ளெலிக் கொக்கி

முதலில் பார்த்த இடத்தில்
சுவரெல்லாம் எழுத்துகள்.
ஒன்றே முக்கால் வயதுக்கு எதற்கு என்று
வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.
தரை பளபளத்தது.
ஒரு குழந்தைமேலும் ஒரு கறை இல்லை.
லெவ்கே என் கழுத்தை விடவே இல்லை.

இரண்டாவதில் காத்திருப்போர் பட்டியல்,
பதினான்கு மாதம்.
அதற்குள் இவள் எனக்கே வழி சொல்வாள்.

மூன்றாவது, கீல் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய பாய்த்துணிக் கிடங்கு.
மணி அடித்து வெகுநேரம் கழித்து
காரட் தோல் ஒட்டிய கையோடு
சமையல்காரர் வந்து திறந்தார்.
உள்ளே ஒரு பையன்
இடது ரப்பர் பூட்ஸிலிருந்து வலதுக்கும்
வலதிலிருந்து இடதுக்கும்
தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்,
ஒருமுறையாவது சிந்தாமல் என்ற பிடிவாதம் முகத்தில்.
தரையில் உட்கார்ந்திருந்த டோர்ட்டே
"எழுந்துவர முடியாது, மன்னியுங்கள்" என்றாள்.
அவள் பாதத்தில் தலைவைத்து
ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.
நான் எழுதிக்கொண்டு போன கேள்விகள் பன்னிரண்டு.
ஒன்றையும் கேட்கவில்லை.

அவள் சொன்ன விதி எளிது:
மூலையில் உட்காருங்கள்.
கூப்பிடாதீர்கள், காட்டித்தராதீர்கள்,
எழுந்து போகவும் போகாதீர்கள்.
நாற்காலி மாதிரி இருந்தால் போதும்.

என் வேலை ஓஸ்லோ போகும் கப்பலின் கார்த் தளத்தில்.
இரு கையையும் மடக்கி அழைத்தால் லாரி வரும்,
உள்ளங்கை காட்டினால் நிற்கும்.
நாற்பது டன்.
இங்கே முழங்கால் மோவாயை இடிக்க
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
மணல்தொட்டியில் இவள் வாளியை
இன்னொருத்தி பிடுங்கினாள்.
என் கை பாதிவரை எழுந்துவிட்டது.
டோர்ட்டே பார்த்தாள்.
இறக்கினேன்.
லெவ்கே தன் வெறுங்கையைக் கொஞ்சநேரம் பார்த்தாள்,
பிறகு போய்
ஒரு கரண்டியைத் தேடிக்கொண்டாள்.

நான்காம் நாள், ஐந்து நிமிடம்.
சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும், நழுவக் கூடாது.
சொன்னேன்.
கதவுக்கு இந்தப் பக்கம் வரிசையாகக் கொக்கிகள்,
பெயர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு
ஆளுக்கொரு படம்:
அன்னம், நங்கூரம், தக்காளி.
இவளுக்கு முள்ளெலி.
அதில் மஞ்சள் மழைக்கோட்டு
உள்ளே ஆளில்லாமல் தொங்கியது.
அழுகை கேட்டது.
பதினெட்டுப் பேரில்
யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.
மழைக்கோட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.
பிறகு அழுகை நின்றது.

அதற்கு நான் தயாராகி வரவில்லை.

ஏழாம் நாள் சளி. நான்கு நாள் வீட்டில்.
மறுபடி முதலிலிருந்து:
மூலை, நாற்காலி, முழங்கால்.
பூட்ஸ் பையனுக்கு நான் பழகிவிட்டேன்.
போகிற வருகிறபோதெல்லாம்
என் தோள்மேல் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம் டோர்ட்டே சொன்னாள்,
"இரண்டு மணி நேரம். உண்மையாகவே போங்கள்."
படகுத்துறைக்குப் போய்
மீன் வைத்த பன் ஒன்று வாங்கினேன்.
சின்னச் சின்னதாகப் பிய்த்தேன்,
முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்,
ஊட்ட ஆளில்லை என்பது உறைத்தபோது
பாதியைக் கடற்காகம் கொண்டுபோயிருந்தது.
இரவுப்பணி முடிந்தும் தூங்காமல்
சில்யா போனில் கேட்டாள்:
"அழுதாளா?"
"யார்?" என்றேன்.

திரும்பியபோது சேற்றுச் சமையலறையில்
இடுப்புவரை நனைந்து
ஒரு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
பையன் பூட்ஸால் தண்ணீர் ஊற்றினான்.
இரு கையையும் மடக்கி அழைத்தேன்.
நிமிர்ந்தாள். சிரிக்கவும் செய்தாள்.
பிறகு உள்ளங்கையை நேராக என்முன் நீட்டினாள்,
ஐந்து விரலும் விரிய,
சேறு சொட்டச் சொட்ட.

நின்றேன்.
குட்டி நாற்காலி
அதே மூலையில்தான் கிடந்தது.