ஐந்தாவது திருகாணி

லிம் சூ காங் சாலையோரம் இடி விழுந்த இரவு
கெலாபு மிரண்டு பின்காலை வீசினாள்.
அடி விழுந்தது சொந்தக் குட்டியின் முழங்கையில்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
கோழிக்கு யாரும் லாடம் அடிப்பதில்லை.

டிரெய்லரில் ஸுல்கிஃப்லி
குட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.
இறக்கி நிறுத்தினோம். முழங்கை தாழ்ந்து தொங்க,
குளம்பின் நுனி மட்டும் தரையைத் தொட்டது,
கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று
யோசிக்கிறவர் விரல் மாதிரி.

பாடப்புத்தகத்தில் முன்னது ஆரை, பின்னது அரந்தி.
டாக்டர் தியோவுக்குப் பெரியது, சின்னது.
சின்னதுதான் பிளந்திருந்தது.
உடைந்த துண்டைத் தசை மேலே இழுத்துப் போயிருந்தது,
நிற்க முயன்ற ஒவ்வொரு முறையும்
இன்னும் கொஞ்சம்.

நான் திருகாணி எடுத்துக் கொடுப்பவள்.
தகட்டின் துளை வழியே அளவுகோல் போய் வரும்.
அவர் எண்ணைச் சொல்வார்,
நான் திருப்பிச் சொல்லிக் கொடுப்பேன்.
இருபத்தெட்டு. இருபத்தெட்டு.
முப்பது. முப்பது.
மானிட்டரில் குட்டியின் இதயம்
எங்களைவிட வேகமாக எண்ணிக்கொண்டிருந்தது.
கெலாபு கம்பித் தடுப்புக்கு அப்பால்.
அவள் கனைக்கும்போதெல்லாம்
தட்டில் கிடந்த இடுக்கிகள் லேசாக நடுங்கின,
அல்லது என் கை.

ஐந்தாவதற்கு முப்பத்திரண்டு என்றார்.
கொடுத்தேன். ஏறியது. படம் எடுத்தோம்.
திருகாணியின் நுனி சின்னதைத் தாண்டிப்
பெரியதைக் கடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அது நல்ல பிடியாகத்தான் பட்டது.
இரண்டையும் சேர்த்துக் கட்டினால்
எதுவும் அசையாதே.
வளர்ந்த குதிரைக்குச் சரி, என்றார் தியோ,
முகமூடியைவிட்டு வெளியே வராத குரலில்.
இதற்குப் பெரியது இன்னும் நீளும்.
நீளும்போது சின்னதையும் இழுத்துக்கொண்டு போகும்.
மூட்டு பிசகிவிடும்.
வேறு விளக்கம் இல்லை.
வந்த வழியே திருப்பி எடுத்தார், பல் பல்லாக.
இருபத்தாறு. இருபத்தாறு.
ஆறு மில்லிமீட்டர் குறைத்ததற்கு
இருபது நிமிடம் கூடுதல் மயக்கம்.
மறுபடி படம். நுனி வாசலில் நின்றது,
உள்ளே கால் வைக்காமல்.

எழுப்பும்போது நான்கு பேர் தாங்கினோம்.
ஈரமான கழுத்து, மருந்து வாடை, பால் வாடை.
குட்டி தள்ளாடித் தள்ளாடி
முதலில் போன இடம் கெலாபுவின் மடி.
உதைத்தவளும் அவள்தான்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

விடிந்து சுவா சூ காங்கில் தேநீர்க் கடை.
இரண்டு இருபது என்றார் கடைக்காரர்.
இரண்டு இருபது என்று சொல்லி
உள்ளங்கையை நீட்டினேன்.
காசு அதில் இல்லை.

எட்டாவது வாரம் மீண்டும் லாயத்துக்குப் போனேன்,
எக்ஸ்ரே கருவியோடு.
பிளவு மூடியிருந்தது.
தியோ முதலில் தேடியது அதை அல்ல.
சின்னதற்கும் பெரியதற்கும் நடுவே
தலைமுடி அளவு கறுப்புக் கோடு.
இரண்டும் ஒட்டவில்லை.
பெரியது தன் போக்கில் நீண்டிருந்தது.
அவர் விரலால் அந்தக் கோட்டை
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவினார்.

ஓடுமா, என்றார் ஸுல்கிஃப்லி.
நடக்கட்டும், என்றார் தியோ.

கருவியை மடக்கக் குனிந்தேன்.
தைத்த காலைத் தரையில் அழுந்த ஊன்றிக்கொண்டு,
நல்ல காலால்,
குட்டி அதை ஓங்கி அடித்தது.
மூடியில் விரிசல்.
கெலாபுவின் பிள்ளை, சந்தேகமே இல்லை.
பழுதுப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
எழுதினேன்: எடை தாங்குகிறது.