ஆண் மரம்

ஜெலுத்தோங் சபையில் இன்னொரு கல்யாணம்.
போதகர் அந்தப் பழைய எபிரெய வாழ்த்துக்கு வருகிறார்:
மேசை, அதைச் சுற்றி ஒலிவக் கன்றுகள்,
கன்றுகள் என்றால் பிள்ளைகள்.
ஒலிவ மரத்தை நான் பார்த்ததில்லை,
சற்குணமும் பார்த்ததில்லை.
பேரங்காடியில் உப்புநீர்ப் போத்தலில் மிதந்ததை
ஒருமுறை வாங்கினோம். கசந்தது.
காசு கொடுத்த பாவத்துக்கு நானே தின்று தீர்த்தேன்.

எங்களுடையது மடக்கு மேசை.
நாலு நாற்காலியோடுதான் தருவேன் என்றான் கடைக்காரன்.
இரண்டில் துணி மடித்து வைக்கிறோம்.

விடியுமுன் வேனை எடுக்கிறேன்.
பதினான்கு பிள்ளைகள், மைலோ வாசம், தைல வாசம்.
அம்பறாத்தூணி நிறைந்தவன் பாக்கியவான் என்றால்
தினமும் ஒன்றரை மணி நேரம் நானும் பாக்கியவான்.
ஏழேகாலுக்குள் எய்து முடித்துவிடுவேன்:
சீனப் பள்ளி வாசலில் ஐந்து,
தமிழ்ப் பள்ளியில் ஏழு, கான்வென்ட்டில் இரண்டு.
பின்னிருக்கையில் யாருடையதோ ஒரு காலுறை.

ஆராதனை முடிந்ததும்
சகோதரிகள் அவளைச் சூழ்வார்கள்.
தலையில் கை, வயிற்றில் கை.
ஆலயத்தில் உதட்டை மட்டும் அசைத்து அழுதவளை
குடிகாரி என்று ஆசாரியன் அதட்டிய கதையைச் சொல்லி
பதினோரு வருடமாக ஜெபிக்கிறார்கள்.
அந்த ஏடுகளில் அடைபட்டவையெல்லாம் கர்ப்பங்கள்.
ஓர் ஆணின் பெயருக்கு நேரே
அந்தச் சொல்லை நான் கண்டதில்லை.

டாக்டரின் தாளில் இருப்பது என் பெயர்.
மூன்றாம் வருடமே வந்த தாள்.
வேன் இன்சூரன்ஸோடு மடித்து வைத்திருக்கிறேன்.
அவளுக்குத் தெரியும்.
ஒருவரிடமும் சொன்னதில்லை.
சொல்லாதே என்று நான் கேட்டதும் இல்லை.

பள்ளி விடுமுறையில் பாலிக் புலாவ் போனோம்.
ஜாதிக்காய்த் தோட்டத்து ஆ ஹெங்
ஒரு மரத்தைத் தட்டிக் காட்டினார்:
"இது ஆண். ஏழு வருடம் எரு போட்டேன்,
பூத்த பிறகுதான் தெரிந்தது."
வெட்டவில்லையா என்றேன்.
"பத்து மரம் காய்க்க இப்படி ஒன்று வேண்டுமே."
அந்த ஆறுதல் என் அளவுக்குத் தைத்ததில்லை.
சற்குணம் மட்டும் எதற்கோ சிரித்தாள்,
உப்பு ஜாதிக்காய் இரண்டு பொட்டலம் வாங்கினாள்,
பாலத்தருகே நெரிசலில் ஒன்றைப் பிரித்து
பாதியை என் வாயில் போட்டாள்.

அடுத்த ஞாயிறு, அவர்கள் கை எழுமுன்
போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன்.
"எனக்குத்தான்," என்றேன். குரல் சரியாக வரவில்லை.
மறுபடி சொன்னேன்.
சிக்னல் விளக்கு கெட்டுப்போன சந்தியில்
வண்டிகள் நிற்பதுபோல் நின்றன கைகள்.
என் தலையில் எண்ணெய் வேறு, அதிகம் வைத்திருந்தேன்.
ஒரு கை இறங்கியது கடைசியில்.
காலையில் அரிந்த வெங்காயத்தின் வாசம் அதில்.
சற்குணத்தின் கை.