நிர்வாகசபை அறிமுகம்

நாவாந்துறை, சனிக்கிழமை. ஏழு கதிரை போட்டேன்.
தலைவர் அருட்சோதி, நில அளவையாளராய் இருந்தவர்;
இந்தக் காணியை அளந்ததுக்குக் கூலி வாங்கேல்லை.
பொருளாளர் ஜெசிந்தா, முந்தி வங்கியில்.
சோக்கட்டிப் பெட்டி ஒன்று குறைந்தால்
இரவு பத்துக்கும் எனக்குப் போன் வரும்.
வைத்தியர் நடனசபாபதி பிந்தித்தான் வருவார்,
இப்பவும் வரேல்லை.
அவற்ற கதிரை வெறுமையாய்க் கிடக்க
தூணோடு நிற்கிறவர் மரியதாசன், ஐஸ்வாடிக்காரர்.
மேடையென்றால் பயம்.
மற்றவர்களின் பெயர் பலகையில் இருக்கு.

"பிள்ளையள், ஏதும் கேக்கோணுமோ?"

மூன்றாம் வகுப்பு நிலாந்தினி எழும்பினாள்:
"எங்கட வகுப்புக்கு ஓடு மாத்தினது ஆர்?"

சபை ஆளையாள் பார்த்தது.
மரியதாசன் அண்ணாந்து பார்த்து
"இன்னும் ரெண்டு ஓடு கிடக்கு" என்றார்.

கூட்டக்குறிப்பில் அதை
அவரின் உரை என்று பதிந்தேன்.