எழுபத்திரண்டு மணித்தியாலம்

சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவந்தோம்,
முப்பத்தெட்டாயிரம் தொன்.
கோதுமையை யாரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.
குழாயை இறக்கினார்கள், உறிஞ்சினார்கள்,
சிந்தியதைக் கொத்திவிட்டுக்
காகங்கள் உவர்மலைப் பக்கம் பறந்தன.

நானும் உவர்மலைதான்.
கடவுச்சீட்டில் பிறந்த இடம் திருகோணமலை.
கப்பல் நிற்கும் இடம் திருகோணமலை.
நடுவில் ஒன்றரைக் கிலோமீற்றர் தண்ணீர்,
அதன்மேல் ஒரு சுற்றறிக்கை.

முதல் ஊசி டேர்பனில்,
மழைக்காலை, கொள்கலனுக்குள் ஒரு மேசை,
பெயரைக் கேட்காமலே போட்டாள் ஒருத்தி.
இரண்டாவது சிங்கப்பூரில், வேறு கம்பனி.
இரண்டு தோளும் முறைவைத்து நொந்தன.
இருந்தும் அவர்கள் கணக்கில்
அரையும் அரையும் ஒன்றாகவில்லை.
கப்டன் எனக்காக மூன்று கடிதம் எழுதினார்.
மூன்றுக்கும் ஒரே பதில்:
தங்கள் கடிதம் கிடைத்தது.

மூன்றாம் நாள் சின்னப் படகொன்று வந்து அணைந்தது.
ஏணியில் ஏறியது ஒரு வெள்ளை உடுப்பு,
கண்ணாடிக்குப் பின்னால் வியர்வை.
"பேர்?"
சொன்னேன்.
பேனை நின்றது.
"டேய், மக்கேசரில என்ர காலை முறிச்சவன்தானே நீ?"
கிண்ணியா ஜவ்பர்!
கட்டிப்பிடிக்க ஏலாது, இரண்டு மீற்றர் சட்டம்.
தள்ளி நின்றே சிரித்தோம்.
பிறகு மூக்குக்குள் குச்சியை விட்டான் பாருங்கள்,
இருபத்திரண்டு வருடப் பழியின் ஆழத்துக்கு.

"முடிவு எப்ப வரும் மச்சான்?"
"மாதிரி வேற ஊருக்கெல்லோ போகுது.
நாளைக்கு. இல்லாட்டி நாளையிண்டைக்கு.
அதுக்குப் பிறகும் நீ இறங்கேலாது,
சும்மா கனவு காணாத."

பஞ்சுக் குச்சியில் ஒட்டிய என் சளி
எனக்கு முதல் கரையேறியது.
ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக,
வான் ஒன்றில்,
மகள் பள்ளிக்குத் திரும்பும் சந்தியைக் கடந்து,
கந்தளாய் கடந்து,
ஹபரணையில் யானைக்காக நின்று
போயிருக்கும்.
எந்தக் காவலரணும் அதை மறிக்கவில்லை.

அன்றிரவு போனில் யோகமலர்,
"வளைவில நிக்கிறம். எது உங்கட கப்பல்?"
"இடப்பக்கம், மஞ்சள் லைற்."
"இஞ்ச எல்லாமே மஞ்சளப்பா."
பக்கத்தில் சீமெந்துச் சாமான் ஏற்றிய
இன்னொரு கப்பலும் நின்றது, எங்களைப்போலவே
இறங்க விடாத ஆட்களோடு.
மூன்று தரம் டோர்ச் அடிக்கிறேன் என்றேன்.
சொல்லிமுடிக்க முதல் சிக்னல் அறுந்தது.
தளத்தில் ஏறி அடித்தேன்:
ஒன்று. இரண்டு. மூன்று.
மலை இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம்
ஆடியது, நின்றது, திரும்பவும் ஆடியது.
எஞ்சின் அறைக்கு இறங்கும்போது
கைப்பிடியை இரண்டு தரம் தவறவிட்டேன்.

விடிய நாலு மணிக்கு நங்கூரம் தூக்கினோம்.
கோணேசர் மலை பின்னால் சுருங்கி
ஒரு பல்லளவு ஆனபோது
மின்னஞ்சல் வந்தது, முத்திரையோடு:
நெகட்டிவ்.
மாதிரி எடுத்த நேரத்திலிருந்து
எழுபத்திரண்டு மணித்தியாலம் செல்லுபடியாகும்.
அடுத்த துறைமுகம் சிட்டகொங்,
எண்பத்தைந்து மணித்தியால ஓட்டம்.
வங்கக் கடலின் நடுவில்
மீனுக்கும் உப்புக்கும் காட்டலாம்
நான் சுத்தமானவன் என்று.
ரொடெல் அதை அச்செடுத்து
எண்ணெய் மானிக்குப் பக்கத்தில் ஒட்டினான், பகிடிக்கு.

கரைச் சிக்னல் சாகும் முன்
கடைசியாக மகளின் குரல்பதிவு:
"அப்பா, நீங்க ஆறு தரம் லைற் அடிச்சீங்க!
நானும் ஆறு தரம் அடிச்சன். கண்டீங்களா?"

ஆறு.

சீமெந்துக் கப்பலில் யாரோ.
எந்த ஊரோ, எத்தனை மாதமோ,
கரையில் ஒரு வெளிச்சம் ஆடக் கண்டு
தனக்கென்று நினைத்தானோ,
தனக்கில்லை என்று தெரிந்தும் அடித்தானோ.

"கண்டனான் அம்மா," என்று அனுப்பினேன்,
"ஆறும் கண்டனான்."
போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.
ஒரு சரி மட்டும் விழுந்திருந்தது.