இரண்டு முறை எண்ணக் கூடாது

எளாவூர்ச் சாவடியில் இரவுப் பணி முடித்து
சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு
ஏரிக்கு வந்துவிட்டேன்.
லாரி எண்ணிய கண்ணுக்குள்
இன்னும் முகப்பு விளக்குகள்.

படகைத் தள்ளுகிறார் தேசப்பன்.
"போன வருசம் வந்த சார் பாதியிலேயே தூங்கிட்டார்."
கழியை உருவும்போதெல்லாம்
சேறு சப்புக்கொட்டுகிறது.

பயிற்சியில் சொன்னார்கள்:
முதல் பத்தைத் தனித்தனியே எண்ணு.
பத்துக்கு எவ்வளவு அகலம் என்று கண்ணுக்குப் பழக்கு.
பிறகு அந்த அகலத்தை எடுத்துக்
கூட்டத்தின் மேல் வை, வை, வைத்துக்கொண்டே போ,
பூக்காரி முழம் போடுவதுபோல்.
முழம் கைக்குக் கை மாறும் என்பதை
யாரும் சொல்லவில்லை.

அக்கரையில், தடாப் பக்கம், மஸ்தானம்மா.
சூலூர்ப்பேட்டையில் மருந்துக்கடை.
மாத்திரைகளை அட்டை அட்டையாகப் பார்த்துப் பழகியவள்.
மூன்று ஜனவரியாகப் பழக்கம்,
முகம் பார்த்தது ஒரே முறை.
ஃபோனில் முதல் சொல் எப்போதும் "என்னி?"
அவள் மொழியில் அது கேள்வி: எத்தனை.
என் காதுக்கு அது பாதியில் நிற்கும் வேலை:
எண்ணி, எண்ணி...

நெடுங்கால் உள்ளான் நாற்பத்தொன்று.
கூழைக்கடா ஆறு.
கருவால் மூக்கன் என்று எழுதினேன்.
வாலைச் சரியாகப் பார்க்கவில்லை,
அடித்துவிட்டு எழுதினேன்:
கரைப்பறவை, இனம் தெரியவில்லை, பதினேழு.
தெரியவில்லை என்று எழுதவும்
ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள்.
சாவடியின் எந்தப் படிவத்திலும் அது கிடையாது.

கைவிட்ட இறால் பண்ணைப் பக்கம்
ஒன்றுமில்லை.
பதினைந்து நிமிடம் அந்த ஒன்றுமில்லையைப் பார்த்தேன்.
ஒரு நண்டு வளையிலிருந்து மண்ணை வெளியே தள்ளியது.
தேசப்பன் பீடியை எடுத்து, பற்றவைக்காமல்
காதில் செருகிக்கொண்டார்.
காலியாக விட்டால் நான் வரவில்லை என்று ஆகும்.
சுழி போட்டால்:
வந்தேன், இருந்தேன், அவை இல்லை.
சுழியைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

பிறகு ஊசிவால் வாத்துகள்.
நீரும் பனியும் வாத்தும் பிரியாத வெளிச்சத்தில்
அறுபத்து நான்கு முழம்.
அறுநூற்று நாற்பது என்று எழுதிய மை காயவில்லை,
மேலே சேற்றுப் பூனைப்பருந்து.
ஏரி தன் மேல்தோலை உதறியதுபோல்
அத்தனையும் எழுந்து
ஒரு சுற்றுச் சுற்றி
வடக்கே போய்விட்டன.
இ-வே பில் இல்லை. எடைச் சீட்டு இல்லை.
எல்லை எங்கே என்று கேட்டால்
"எவன் சண்டைக்கு வர்றானோ, அதுவரைக்கும் நம்மது"
என்கிறார் தேசப்பன்.

ஃபோன்.
"என்னி?"
"அறுநூற்று நாற்பது. ஏழு நாற்பத்திரண்டு. கிளம்பிடுச்சு."
"வச்சேசாயி." வந்துவிட்டனவாம்.
நெடுநேரம் காற்றின் இரைச்சல்.
பிறகு, "ஆறு வந்தல பதி."

அறுநூற்றுப் பத்து.
ஒரே கூட்டத்தை இரண்டு மாநிலம் எண்ணக் கூடாது.
முதலில் பார்த்தவன் நான் என்றேன்.
வந்து இறங்கியது என்னிடம் என்றாள்.
அவள் பக்கம் பனி விலகியிருந்தது,
வெயிலும் அவள் முதுகுக்குப் பின்னால்.
என் வரியை அடித்தேன்,
எண் படிக்கத் தெரியும்படி, ஒற்றைக் கோட்டால்.

ஆனால் முப்பது?
என் முழம் குட்டையோ,
அவள் அட்டையில் சில கழன்றதோ.
எல்லா வருசமும் சரியாக இருந்தால்
நாங்கள் இரண்டு பேர் எதற்கு, என்றும் தோன்றியது.

எட்டு மணிக்குப் படிவத்தை மடித்தேன். அதுதான் விதி.
திரும்பும் வழியில் தேசப்பன்
கழியைத் தூக்காமல் தாடையால் காட்டினார்.
கோரைக்குப் பின்னால், கழுத்தை உள்ளிழுத்து,
இரண்டு ஊசிவால்.
எட்டு மணி ஆறு நிமிடம்.
எழுத முடியாது.

மஸ்தானம்மாவுக்கு அனுப்பினேன்:
இன்னும் இருபத்தெட்டுதான் பாக்கி.
கரை தட்டும்போது பதில் வந்தது.
என்னி?