கடைமடைக்கு ஒரு ஜோடி

காலை ஆறேகாலுக்குக் கூடலூரில் ஜீப் ஏறும்போது
பத்து விரலும் என்னோடுதான் ஏறும்.
லோயர்கேம்ப் குழாய்களைத் தாண்டி
மலை வளையத் தொடங்கியதும்
ஒவ்வொன்றாய் இறங்கிக்கொள்ளும்,
முதலில் இடது சுண்டுவிரல், சொல்லாமல்.
குமுளி செக்போஸ்ட்டில் குனிந்து பார்த்தால்
பாதி சுண்ணாம்பு, பாதி நாவல்பழம்.
என் கால்தான் என்று நம்பித்தான் ஊன்றணும்.

போன வருஷம் ஏலக்காய் ஸ்டோரில்
உலர்த்தும் அறைச் சூட்டுக்குழாய்மேல்
குதிகாலைச் சாய்த்துவைத்து
தரம் பிரித்துக்கொண்டிருந்தேன்.
"அக்கா, ஒங்க காலு!"
கொப்புளம் என்னைவிட முன்னால்
பாக்கியலில்லிக்குத் தெரிந்துவிட்டது.

கம்பத்து டாக்டர் பெருவிரலை அழுத்தி
விட்டுவிட்டுக் காத்திருந்தார்.
சிவப்பு திரும்பி வர நேரமானது.
"ரத்தம் சரியாப் போய்ச் சேரலம்மா.
நெருப்பு வேண்டாம், வெந்நீர் வேண்டாம்.
கனமா சாக்ஸ் போடுங்க,
மேல்பட்டை மட்டும் இறுக்கக் கூடாது."
எனக்கு விளங்கியது.
அணையில் தண்ணீர் கிடக்கிறது,
கடைமடை காய்கிறது.
வாய்க்காலில் நீயும் ஒரு கல்லைப் போடாதே என்கிறார்.

கூடலூரில் பள்ளிக்கூட வெள்ளைதான் கிடைத்தது.
குமுளியிலோ மண்டல காலம்.
பஸ் பஸ்ஸாய் இறங்குகிறார்கள்,
கறுப்பு வேட்டி, வெறுங்கால்,
ரோடு முழுக்க வெறுங்கால்.
அதற்கு நடுவில் நான் ஒருத்தி
சாக்ஸ் இருக்கா, சாக்ஸ் இருக்கா என்று.
"ஈ சீசணில் ஆரா சோக்ஸ் சோதிக்குன்னே!"
சிப்ஸ் வறுக்கிறவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பந்தாடுகிறவர்கள் போடுவது ஒரு கடையில்.
முட்டியை மடக்கி உள்ளே விட்டேன்.
மணிக்கட்டைப் பிடித்த பிடி கடன்காரன் பிடி.
அடுத்த கடையில் பூப்போட்டது, உள்ளே பஞ்சு,
விரல்முனையில் மட்டும் தையல்
மிளகு மிளகாய்த் திரண்டிருந்தது.
மரத்த விரலுக்குக் குத்துவது தெரியாது,
புண் மட்டும் தெரியும், பிறகு.
அசல் கம்பளி ஒன்று இருந்தது.
என் கூலியில் பாதியைத் தின்னும் விலை.
"கைய விட்டு லூசாக்காதீங்க" என்று
பிடுங்கி மடித்துவைத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஆம்பிளை அளவில், சாம்பல் நிறத்தில்,
நூற்றிருபதுக்கு ஒன்று கிடைத்தது.
எல்லாம் சரி,
பட்டைதான் கழுத்தைப் பிடிக்கும்.

ஷாகுல் ராவுத்தர் தையல்கடையில் நீட்டினேன்.
எதற்கு, யாருக்கு என்று கேட்கவில்லை.
மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்து
பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.
முறுக்கேறிய நரம்பு. அதன்மேல்
இரு பக்கமும் கீறிவிட்ட சாக்ஸ்.
"வெட்டறது பெரிசில்ல.
நூல் ஓடாம ஓரம் அடிக்கணும்,
அதுலதான் இருக்கு."
பிளேடால் கீறி, பழைய பனியன் துண்டை
முக்கோணமாய் வைத்து அடித்தார்.
"உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்க,
தையல் குத்தாது."
கூலி கேட்டதற்கு
"நாலு ஏலக்காய் கொண்டாங்க" என்றார்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு.
எங்களைத் தடவிப் பார்த்துத்தான்
வெளியே விடுவார்கள் என்று அவருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் கேட்டில்
அந்தப் புதுப்பெண் ஜிஷா
என் கணுக்காலையே பார்த்தாள்.
"ஊரிக் காணிக்கு."
ஒருக்களித்துப் பிடித்தபடி கழற்றினேன்.
உதறினாள். உள்ளே கைவிட்டாள்.
கையை உடனே எடுக்கவில்லை.
"நல்ல சூடு" என்றாள்,
காய் எதுவும் இல்லாததால் போகச் சொன்னாள்.

சிமெண்ட் தரையில் நின்று எண்ணினேன்.
ஒன்பது வந்திருந்தன.
இடது சுண்டுவிரல் மட்டும்
இன்னும் மலையேறிக்கொண்டிருந்தது.